டேஷ்கேம், ஃபாக் லாம்ப், சீட் கவர்: நாமே மாட்டலாமா, கடையில் விடலாமா? (வடசென்னை வண்டிகளுக்கு)

தண்டையார்பேட்டை புதுவண்டி | 6 செப்டம்பர் 2025, காலை

புது ஹேட்ச்பேக், ஆறு ஏர்பேக் மாடல். போட நினைக்கிறது: பார்க்கிங் மோடோட (வண்டி நிக்கும்போதும் பதிவு பண்ற வசதி) டேஷ்கேம், டோர் வைசர் (ஜன்னல் மேல ஒட்டுற மழைத் தடுப்பு), சீட் கவர், ஃபாக் லாம்ப், மட்ஃப்ளாப். ஆக்சஸரி கடையில "பொருள் எங்ககிட்ட வாங்கினா ஃபிட்டிங் ஃப்ரீ"ங்கிறாங்க. ஷோரூம்ல "வெளி ஆள் வயரைத் தொட்டா வாரன்டி கிடையாது"ங்கிறாங்க. வீடியோ பாத்தா எல்லாமே ஸ்க்ரூடிரைவர் வேலை மாதிரிதான் தெரியுது. இதுல எதை நாமே செய்யலாம், எதுக்கு ஆள் வேணும்? வண்டி தெருவுலதான் நிக்குது. கடல் ஒரு கிலோமீட்டருக்குள்ள.

ராயபுரம் வயரிங் | 6 செப்டம்பர்

கடைசி வரியை முதல்ல எழுதியிருக்கணும் தம்பி. கடல் பக்கத்துல நிக்கிற வண்டிக்கு யார் மாட்டினாங்கங்கிறது ரெண்டாவது கேள்வி. ஜாயின்ட் எப்படிப் போட்டாங்க, ஓட்டை எங்கே போட்டாங்க, அதுதான் முதல் கேள்வி.

கம்பெனி வயரை வெட்டாம, தகட்டுல ஓட்டை போடாம, ஏர்பேக் பக்கம் போகாம முடியுற வேலை எல்லாமே வீட்டு வாசல்ல செய்யலாம். இந்த மூணுல ஒண்ணு வந்தாலும் விவரம் தெரிஞ்ச ஆள் வேணும். "ஃபிட்டிங் ஃப்ரீ" கடையில அந்த ஆள் இருப்பார்னு நிச்சயம் கிடையாது. ஒரு வண்டிக்கு இருபது நிமிஷம்னு ஓடுற இடத்துல வயரை பிளேடால சீவி, முறுக்கி, கருப்பு டேப்பைச் சுத்தி அனுப்பிடுவாங்க. அன்னைக்கு எரியும். ரெண்டு மழை தாண்டினா அந்த இடத்துல பச்சைக் களிம்பு ஏறியிருக்கும்.

பெரம்பூர் லோகோ | 6 செப்டம்பர்

டேஷ்கேமில் தொடங்கலாம். அஞ்சில் அதுதான் வீட்டிலேயே சுத்தமாக முடிக்கக்கூடிய மின்வேலை.

ஹார்ட்வயர் கிட்டில் (கேமராவை வண்டியின் கரண்டோடு நேராக இணைக்கும் வயர் செட்) மூணு வயர் வரும். பெரும்பாலும் மஞ்சள் நேரடி பேட்டரி கரண்ட், சிவப்பு சாவி போட்டால் வரும் கரண்ட், கருப்பு எர்த். கிட்டுக்குக் கிட்டு நிறம் மாறும் என்பதால் வயரில் அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டு மாட்டவும். எந்த வயரையும் வெட்ட வேண்டாம், ஃபியூஸ் டேப் போதும் (ஒட்டும் டேப் இல்லை; ஃபியூஸ் இருந்த பள்ளத்தில் செருகி, பழைய ஃபியூஸோடு இன்னொரு ஃபியூஸையும் போட்டுத் தனி வயர் எடுக்கும் இணைப்பு). கார் ஃபியூஸ் மினி, லோ புரொஃபைல் மினி, மைக்ரோ என்று பல அளவில் இருக்கிறது. ஒரிஜினலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்து அதே அளவில் டேப் வாங்க வேண்டும். அளவு மாறியதை அழுத்தித் திணித்தால் உள்ளே இருக்கும் பித்தளைக் கிளிப் விரிந்துவிடும். அப்புறம் ஒரிஜினல் ஃபியூஸே லூசாக நின்று சூடாகும்.

சிவப்பு வயருக்கு 12 வோல்ட் சாக்கெட்டின் ஃபியூஸ். மஞ்சளுக்கு உள் விளக்கு மாதிரி எப்போதும் கரண்ட் இருக்கும் ஒன்று. கேமராவுக்கு 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஏர்பேக், ஏபிஎஸ், என்ஜின் கம்ப்யூட்டர், பவர் ஸ்டீயரிங் என்று மூடியில் எழுதியிருக்கும் ஃபியூஸ்களில் கை வைக்கவே கூடாது.

எர்த்தைப் பாடியில் ஏற்கனவே இருக்கிற போல்ட்டில் கொடுங்கள். பேட்டரி நெகட்டிவ் முனையில் நேராகக் கட்ட வேண்டாம். இப்போது பல வண்டிகளில் அங்கே கரண்டை அளக்கும் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. முனையில் கட்டினால் கேமரா இழுக்கிற கரண்ட் அதன் கணக்கில் வராது.

ராயபுரம் வயரிங் | 6 செப்டம்பர், இரவு

லோகோ சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கணும். ஃபியூஸ் டேப்புக்குத் திசை இருக்கு. ரெண்டு காலில் ஒண்ணு ரெண்டு ஃபியூஸுக்கும் பொதுவான கால். கரண்ட் வர்ற பக்கம் அந்தக் கால்தான் போகணும். திருப்பிப் போட்டாலும் கேமரா ஓடும், அதனால தப்பு தெரியாது. ஆனா கேமராவோட கரண்டும் பழைய ஃபியூஸ் வழியாவே போகும், சுமை ரெண்டும் ஒண்ணு மேலேயே விழும். ஃபியூஸைக் கழட்டிட்டு, சாவியை ஆன் பண்ணி, மல்டிமீட்டர் கருப்பு முனையை பாடியில வெச்சு ரெண்டு பள்ளத்தையும் தொட்டுப் பாருங்க. 12 காட்டுற பக்கம்தான் கரண்ட் வர்ற பக்கம். மீட்டர் இல்லாதவங்க இந்த வேலையில இறங்க வேண்டாம்.

வியாசர்பாடி சர்வீஸ் | 7 செப்டம்பர்

ஆறு ஏர்பேக்னா முன் தூணுக்குள்ள கர்டன் ஏர்பேக் (ஜன்னல் பக்கம் திரை மாதிரி விரியுற பை) மடிச்சு வெச்சிருக்கும். கேமரா வயரை அதுக்கு முன்னாடி விட்டா, பை விரியும்போது வயரும் கிளிப்பும் மூஞ்சிக்குத் தெறிக்கும். வயர் பைக்குப் பின்னாடி, கம்பெனி வயர் போற பாதையிலேயே போகணும். தூண் டிரிம்மை (தூண் மேல இருக்கிற பிளாஸ்டிக் மூடி) கழட்டப் பயமா இருந்தா கழட்ட வேண்டாம். மேல்கூரை லைனிங்குக்குள்ள விரலால தள்ளி ஓரம் வரைக்கும் கொண்டு வாங்க. அங்கிருந்து கதவு ரப்பர் பீடிங்குக்குள்ள செருகி, கீழ ஃபியூஸ் பாக்ஸ் வரைக்கும் இறக்கிடலாம். பை விரியுற தையல் ஓரத்தைக் குறுக்கே கடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த ஒரு இடத்துல சந்தேகம்னு வந்தா கூலி கொடுத்துடுங்க.

பெரம்பூர் லோகோ | 7 செப்டம்பர்

பார்க்கிங் மோட் பற்றி ஒரு கணக்கு. கேமரா நிற்கும்போது 250 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 6 ஆம்பியர் மணி. சின்ன காரின் பேட்டரி 35 ஆம்பியர் மணி. மூணு நாள் எடுக்காமல் நிறுத்தினால் பாதி காலி. கிட்டில் வோல்டேஜ் கட்ஆஃப் சுவிட்ச் இருக்கும், பேட்டரி அந்த வோல்ட்டுக்கு இறங்கினால் கேமராவை நிறுத்திவிடும். அதை 11.6-ல் விட்டுவிடாதீர்கள், 12.2-க்கு வையுங்கள். 12.2 என்றாலே பேட்டரியில் ஏறத்தாழ பாதிதான் மிச்சம், 11.6-ல் ஒன்றும் இருக்காது. லெட் ஆசிட் பேட்டரி அடிக்கடி அந்த ஆழத்துக்குப் போனால் ஆயுசு குறையும்.

கேமரா வாங்கும்போது உள்ளே லித்தியம் பேட்டரியா, சூப்பர் கெபாசிட்டரா என்று கேளுங்கள். சித்திரை வெயிலில் தெருவில் மூடி நிற்கும் வண்டியின் கண்ணாடிப் பக்கச் சூட்டில் லித்தியம் உப்பிவிடும். கெபாசிட்டர் மாடல்தான் நம்ம ஊருக்கு.

தண்டையார்பேட்டை புதுவண்டி | 7 செப்டம்பர்

அப்ப டேஷ்கேம் நானே. ஃபாக் லாம்ப்? பம்பர்ல மூடி போட்ட இடம் இருக்கு. கடைக்காரர் ஹெட்லைட் வயர்லயே ஜாயின்ட் அடிச்சுக் கொடுத்துடலாம்ங்கிறார்.

ராயபுரம் வயரிங் | 8 செப்டம்பர்

வேண்டவே வேண்டாம். 55 வாட் பல்பு ரெண்டு போட்டா 110 வாட். வண்டி ஓடும்போது 13.5 வோல்ட்னு வெச்சா 8 ஆம்பியருக்கு மேல. ஹெட்லைட்டுக்குன்னு கணக்குப் போட்ட வயரும் ஃபியூஸும் அதைத் தாங்க வேண்டியதில்லை. புது வண்டியில ஹெட்லைட்டை நடத்துறதே பாடி கம்ப்யூட்டர்தான். சுமை மாறினா கோளாறு விளக்கு காட்டும், இல்லேன்னா அந்த வெளியீட்டையே நிறுத்திடும்.

முறையான வேலை இப்படி. பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து 1.5 சதுர மில்லிமீட்டர் வயர். பேட்டரியை விட்டு ஒரு சாண் தூரத்துக்குள்ளயே 15 ஆம்பியர் ஃபியூஸ். பத்தடி தள்ளி ஃபியூஸ் போட்டா நடுவுல வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அந்த ஃபியூஸால பயனே இல்லை. அடுத்து நாலு கால் ரிலே (சின்ன கரண்ட்டால பெரிய கரண்ட்டை ஆன்-ஆஃப் பண்ற சுவிட்ச்; கால்கள்ல நம்பர் இருக்கும்): 30-க்கு ஃபியூஸ்ல இருந்து வர்ற கரண்ட், 87-ல இருந்து விளக்கு, 85 எர்த், 86-க்கு டேஷ்போர்டு சுவிட்ச். சுவிட்ச் வழியா போறது ரிலே காயிலோட சின்ன கரண்ட் மட்டும்தான், அதனால மெல்லிய வயரே போதும். ரிலேயைக் கால்கள் கீழ பாக்குற மாதிரி திருகணும். மேல பாத்தா மழைத்தண்ணி தேங்கும்.

என்ஜின் பக்கத்துல இருந்து உள்ளே வர தடுப்புத் தகட்டை டிரில் பண்ணாதீங்க. கம்பெனி வயர்கட்டு வர்ற ஓட்டையை அடைச்சிருக்கிற ரப்பர் கிராமெட்ல சின்னக் கீறல் போட்டு நுழைச்சு, சிலிக்கான் வெச்சு அடைங்க. நுழையுறதுக்கு முன்னாடி வயரைக் கொஞ்சம் தொங்க விட்டு வளைச்சுக் கொண்டு வாங்க. வயர் வழியா இறங்குற தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும்.

சில மாடல்ல கீழ் வேரியன்ட்டுக்கும் பம்பருக்குள்ள ஃபாக் லாம்ப் கப்ளர் (வயர் பிளக்) தயாரா தொங்கும். இருந்தா கம்பெனி கிட் வாங்கி ஷோரூம்லயே போட்டுக்கறது நல்லது. ஸ்கேனர் வெச்சு அந்த வசதியை ஆன் பண்ண வேண்டி வரலாம், அதை வாசல்ல செய்ய முடியாது.

பெரம்பூர் லோகோ | 8 செப்டம்பர்

வயர் கனத்துக்கு ஆதாரம்: 1.5 சதுர மில்லி காப்பர், போக வர 4 மீட்டர், 10 ஆம்பியர் என்றால் வழியில் இழப்பது அரை வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. 0.75 வயர் போட்டால் ஒரு வோல்ட் போகும், வெளிச்சம் மங்குவது கண்ணுக்கே தெரியும். கடையில் "16 நம்பர், 18 நம்பர்" என்பார்கள். சுருளில் சதுர மில்லிமீட்டர் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

ஃபிட்டிங் முடிந்ததும் குறி சரி பார்க்க வேண்டும். சம தரையில் 7.5 மீட்டர் தள்ளிச் சுவர். விளக்கின் நடு உயரத்தை விடச் சுமார் 10 செ.மீ. கீழே வெளிச்சத்தின் மேல் விளிம்பு நிற்க வேண்டும். கடையில் இதை யாரும் செய்து தருவதில்லை, எதிரே வருகிறவன் கண்ணில்தான் குறி பார்க்கப்படுகிறது.

திருவொற்றியூர் கடற்கரை | 8 செப்டம்பர்

நம்ம பக்கம் பனிமூட்டம்னா போகி காலைல புகையோட சேர்ந்து வர்றதுதான். மத்த நாள்ல ஃபாக் லாம்ப் அடைமழைக்கு உதவும், அதுவும் கீழே, அகலமா வெளிச்சம் விழுந்தாத்தான். எரிஞ்சுக்கிட்டே இருக்கணும்னு அவசியமில்ல.

வியாசர்பாடி சர்வீஸ் | 9 செப்டம்பர்

விளக்குன்னதும் அடுத்து 100/90 பல்பு (ஹைபீம் 100 வாட், லோபீம் 90 வாட் ஹெட்லைட் பல்பு) கேப்பாங்க, அதையும் சொல்லிடறேன். எச்4 ஒரிஜினல் 60/55 வாட். ஹைபீம்ல ரெண்டு பல்பும் சேர்ந்து 9 ஆம்பியர். 100/90 போட்டா 15-கிட்ட. முதல்ல ஹோல்டர் பிளாஸ்டிக் பழுக்கும், அப்புறம் சுவிட்ச் உள்முனை கருகும், ரிஃப்ளெக்டரோட வெள்ளிப் பூச்சு உரியும். ஹாலஜனுக்குச் செஞ்ச ரிஃப்ளெக்டர்ல எல்இடி பல்பு திருகினா கரண்ட் கம்மிதான், ஆனா ஒளி கிளம்புற இடம் மாறிப்போய் எதிர் வண்டிக்கு கண் கூசும். மணலி ரோட்டுல ராத்திரி கண்டெய்னர் லாரிக்கும் சைக்கிள்காரருக்கும் நடுவுல ஓட்டுறவங்களுக்கு இது விளையாட்டு இல்ல.

ராயபுரம் வயரிங் | 11 செப்டம்பர்

ஜாயின்ட் பத்திக் கேட்டு ரெண்டு மூணு பேர் தனியா எழுதியிருக்காங்க. எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே.

நீல நிறத்துல, வயரைக் கவ்விப் பிடிச்சு உள்ளே கத்தி இறங்குற டி-டேப் கிளிப் இருக்கே, அது வேண்டாம். கத்தி வயரோட சில இழையை வெட்டிடும், வெட்டின இடம் திறந்தே கிடக்கும். உப்புக்காத்துல ஈரம் உள்ளே போய் காப்பர் பச்சையாகி, கடைசியில தூளா உதிரும். கோளாறு ஒரே நாள்ல வராது. ஒரு நாள் எரியும், ஒரு நாள் எரியாது. தேடிக் கண்டுபிடிக்கிறது பெரிய பாடு.

சால்டர் வெச்சா உறுதிதானேன்னு கேக்குறாங்க. வீட்டு ரேடியோவுக்கு உறுதி. வண்டி அதிர்ந்துக்கிட்டே இருக்கும். ஈயம் இழைக்குள்ள ஏறி வயரை விறைப்பாக்கிடும், விறைப்பு முடியுற இடத்துல மடங்கி மடங்கி ஒடியும். கிரிம்ப்தான் (நசுக்கி இணைக்கிறது) சரி: அளவான பட் கனெக்டர் (ரெண்டு வயர் முனையைச் சேர்க்கிற சின்ன உலோகக் குழாய்), அதுக்குன்னு இருக்கிற கிரிம்பிங் பிளையர், மேல உள்பக்கம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டுல சுருங்கி இறுகுற குழாய்). சூடு காட்டினதும் ரெண்டு ஓரத்துலயும் பசை லேசா பிதுங்கி வரணும், அப்பத்தான் தண்ணி போகாது. பசை இல்லாத ஹீட் ஷ்ரிங்க் பாதி விலைக்குக் கிடைக்கும், என்ஜின் பக்கம் அது உதவாது. படகு வேலைக்குன்னு வெள்ளீயம் பூசின காப்பர் வயர் விக்குது. கிடைச்சா விலை பாக்காம அதையே வாங்குங்க.

கருப்பு பிவிசி டேப் என்ஜின் சூட்டுல பசை உருகி வழுக்கி அவிழ்ந்துடும். துணி ஹார்னஸ் டேப் போடுங்க. இதெல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும்.

எர்த் போல்ட்டுக்கு அடியில பெயின்ட்டைச் சுரண்டி பளபளப்பு தெரிஞ்சதும் பல் வாஷர் வெச்சு முறுக்கி, மேல வாசலின் தடவுங்க. முறுக்கின பிறகுதான் தடவணும்.

திருவொற்றியூர் கடற்கரை | 13 செப்டம்பர்

டோர் வைசரும் மட்ஃப்ளாப்பும் யாரும் கண்டுக்கல.

வைசர் முழுக்க டேப் வேலை. கடையில ஒரு துணியால துடைச்சு ஒட்டிடறாங்க, மழைக்கு முன் ஓரம் தூக்கிடுது. காரணம் டேப் இல்ல, கதவு மேல இருக்கிற உப்புப் படலம். அது தண்ணியிலதான் கரையும், ஸ்பிரிட்டுக்கு அசையாது. முதல்ல ஷாம்பூ போட்டு நல்லா கழுவிக் காய விடுங்க. அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து, ஒரே திசையில துடைங்க. எண்ணூர், மணலி பக்கம்னா சாம்பல் தூசியும் சேரும், துணியை மாத்தி மாத்தி துடைக்கணும். காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி நிழல்ல வெச்சு ஒட்டுங்க. கை வைக்க முடியாத சூட்டுல டேப் சரியா பிடிக்காது. டேப் பேப்பரை முழுசா உரிக்காம, ஓரத்துல ஒரு அங்குலம் வெளியே மடிச்சு விட்டு, வைசரை நேரா உக்கார வெச்சப்புறம் இழுங்க. ஒவ்வொரு இடத்தையும் கட்டைவிரலால அழுத்திப் பிடிங்க. அக்ரிலிக் ஃபோம் டேப் முதல் இருபது நிமிஷத்துல பாதி பலம், ஒரு நாள்ல 90 சதவீதம், மூணு நாள்லதான் முழு பலம். அந்த மூணு நாள் வாட்டர் வாஷ் கிடையாது.

மட்ஃப்ளாப்புக்கு உங்க மாடலுக்குன்னு வர்றதை வாங்குங்க, வீல் ஆர்ச்ல இருக்கிற ஓட்டையிலயே திருகு பொருந்தும். எல்லா வண்டிக்கும் பொதுன்னு விக்கிறதுக்கு கடையில தகட்டுல நேரா செல்ஃப் டேப்பிங் திருகு இறக்குவாங்க. அந்த ஓட்டையோட ஓரம் வெறும் இரும்பு. துரு அங்கேயிருந்து பெயின்ட்டுக்கு அடியில பரவும். தவிர்க்கவே முடியலேன்னா பிசிறைத் தேய்ச்சு, துத்தநாக பிரைமர் அடிச்சு, காஞ்சப்புறம் பெயின்ட் தொட்டுட்டுத் திருகுங்க.

வியாசர்பாடி சர்வீஸ் | 13 செப்டம்பர்

அடிப்பாகத்துக்கு ரஸ்ட் கோட்டிங் அடிக்கிறதை மட்டும் வீட்டுல முயற்சி பண்ணாதீங்க, லிஃப்ட் வேணும். கடையிலயும் நின்னு பாருங்க. கதவுக்கு அடியிலயும் சில் பேனல்லயும் (கதவு வாசலுக்குக் கீழ ஓடுற தகடு) தண்ணி வடியுற சின்னத் துளைகள் இருக்கும். அதை மூடி அடிச்சா ஈரம் உள்ளேயே நின்னு உள்ளிருந்து துரு பிடிக்கும். கோட்டிங் அடிக்காம இருக்கிறதை விட அது மோசம். டிஸ்க், சைலன்சர், சென்சர் எல்லாம் பேப்பர் ஒட்டி மறைச்சிருக்காங்களான்னு பாத்துக்குங்க.

தண்டையார்பேட்டை புதுவண்டி | 14 செப்டம்பர்

சீட் கவர்?

வியாசர்பாடி சர்வீஸ் | 14 செப்டம்பர்

ஆறு ஏர்பேக்ல ரெண்டு முன் சீட்டோட பக்கவாட்டுலதான் இருக்கு. சீட் ஓரத்துல ஏர்பேக்னு துணிச் சீட்டு தச்சிருக்கும் பாருங்க. முழுசா இறுக்கித் தச்ச கவர் போட்டா பை விரிய வழியில்ல, இல்லேன்னா தாமதமா, தப்பான பக்கம் விரியும். அந்த இடத்துல திறந்தோ, பலம் குறைஞ்ச தனித் தையலோட தச்சோ வர்ற கவர்தான் வேணும். கடையில "எல்லாம் ஏர்பேக்குக்கு ஒத்துக்கும்"பாங்க. கவரைக் கையில வாங்கி தையல் நூலைப் பாருங்க. அந்தப் பக்கம் நூல் வேற மாதிரி மெலிசா இருக்கணும்.

சில கடையில கவர் மாட்ட சீட்டையே கழட்டுறாங்க. சீட்டுக்கு அடியில மஞ்சள் கப்ளர் இருக்கும், அது ஏர்பேக். அதைக் கழட்டி வெச்சுட்டு யாராவது சாவியை ஆன் பண்ணினா மீட்டர்ல ஏர்பேக் விளக்கு எரியும். திரும்ப மாட்டினாலும் பல வண்டியில அணையாது, ஸ்கேனர் வெச்சு அழிக்கணும். கழட்டியே ஆகணும்னா பேட்டரி நெகட்டிவை எடுத்துட்டு, மேனுவல்ல சொன்ன நேரம் காத்திருந்து தொடணும். மஞ்சள் வயர்ல மீட்டரோ டெஸ்ட் லாம்ப்போ வைக்கவே கூடாது.

என் அபிப்பிராயம்: புது வண்டிக்கு சீட் கவரே வேண்டாம். போடணும்னா கம்பெனி கவர்.

பெரம்பூர் லோகோ | 15 செப்டம்பர்

பேட்டரி கழற்றுவது பற்றி: நெகட்டிவ் முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும். சாவியை உள்ளே வைக்காதீர்கள், ஒரு கண்ணாடியை இறக்கி விடுங்கள். மாட்டிய பிறகு ஆட்டோ விண்டோவைப் பழைய நிலைக்குக் கொண்டுவர, கண்ணாடியை முழுக்க ஏற்றிச் சுவிட்சைச் சில நொடி பிடிக்க வேண்டியிருக்கும்.

திருவொற்றியூர் கடற்கரை | 2 அக்டோபர்

மழை வரப்போகுது, அதனால இதை மேல கொண்டு வர்றேன். சீட்டுக்கு அடியில சப்வூஃபர், ஆம்ப், இன்வெர்ட்டர் எதையும் வைக்காதீங்க. கணேசபுரம் சுரங்கப்பாதை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை எங்கே தண்ணி நின்னாலும் முதல்ல நனையுறது கார்ப்பெட். கீழ ஊறின தண்ணி மேல தெரியாது, ஆம்ப் கப்ளர் வாரக்கணக்குல ஈரத்துல கிடக்கும். ஜாயின்ட் எல்லாம் டேஷ்போர்டு உயரத்துல இருக்கட்டும். சில் ஓரமா போற வயர் நடுவுல முறியாம ஒரே நீளமா போகட்டும்.

ராயபுரம் வயரிங் | 2 அக்டோபர்

சரியான பேச்சு. கடையில விடறவங்க இதையும் கேட்டுட்டு விடுங்க: கப்ளர் டு கப்ளர் ஹார்னஸா (வெட்டாம கம்பெனி பிளக்லயே செருகுற வயர்கட்டு), வெட்டி ஜாயின்ட்டா? ஃபியூஸ் எங்கே, எத்தனை ஆம்பியர்? பழைய ஸ்டீரியோவும் கழட்டின கிளிப்பும் கையில கொடுப்பீங்களா? பக்கத்துல நின்னு பாக்கலாமா? "உள்ளே வராதீங்க"ன்னா ஜி.பி. ரோட்டுல அடுத்த கடைக்கு நடங்க.

ஸ்டீரியோ மாத்துறவங்களுக்கு: ஸ்பீக்கர் நெகட்டிவை பாடியில எர்த் பண்ணினா ஆம்ப் ஐசி போயிடும். மஞ்சளும் சிவப்பும் மாறினா ஒவ்வொரு தடவையும் செட்டிங் அழியும். ரெண்டையும் சேர்த்து முறுக்கினா ராத்திரி முழுக்க பேட்டரியைக் குடிக்கும். மாடலுக்கான ஹார்னஸ் வாங்கினா இந்தப் பிரச்சினையே இல்ல. வெட்டின வயர் இல்லாததால வாரன்டி பேச்சும் சுருங்கிடும்.

பெரம்பூர் லோகோ | 4 அக்டோபர்

யார் மாட்டினாலும் மாட்டவே கூடாதவை சில. முன் பம்பரில் இரும்புக் கிராஷ் கார்டு: 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதி நடவடிக்கை எடுக்கச் சொன்னது. மோதலின் வேகம் சென்சாருக்குப் போய்ச் சேரும் விதமே அதனால் மாறுகிறது, நடந்து போகிறவர்மேல் இரும்பே மோதுகிறது. கண்ணாடிக்குக் கருப்பு ஃபிலிம்: உச்ச நீதிமன்றம் 2012-ல் தடுத்தது. கண்ணாடி முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கத்தில் 50 சதவீதம் வெளிச்சம் விட வேண்டும் என்பது விதி. அனுமதியில்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஸ்டீரியோ, கேமரா மாதிரி மின்பொருள் போட்டால் இன்சூரன்ஸில் ஐஎம்டி 24 இணைப்பில் (பாலிசியோடு சேர்க்கும் மின்பொருள் பிரிவு) மதிப்பைச் சேர்க்கச் சொல்லுங்கள். பழைய மோட்டார் டாரிஃபில் (வண்டி இன்சூரன்ஸ் கட்டண விதி) அதற்குப் பிரீமியம் மதிப்பில் 4 சதவீதம் என்று இருந்தது. கடை பில் இல்லாமல் சேர்க்க முடியாது என்பதால் ஜிஎஸ்டி பில்லோடு வாங்கவும்.

தண்டையார்பேட்டை புதுவண்டி | 5 அக்டோபர்

முடிவு பண்ணிட்டேன். டேஷ்கேம், வைசர், மாடல் மட்ஃப்ளாப் நானே. ஃபாக் லாம்ப் பம்பருக்குள்ள கப்ளர் இருக்கான்னு பாத்துட்டு ஷோரூம். சீட் கவர் இப்போதைக்கு இல்ல. ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து பாத்தேன், லோ புரொஃபைல் மினி.

ராயபுரம் வயரிங் | 5 அக்டோபர்

ஃபியூஸ் டேப் வாங்கும்போது ஒரிஜினல் ஃபியூஸையும் கையில எடுத்துக்கிட்டுப் போங்க. மினியும் லோ புரொஃபைலும் பார்வைக்கு ஒண்ணு போல இருக்கும், காலோட நீளத்துலதான் வித்தியாசம்.